பிள்ளைகள் செய்த பொருளும் சந்தையும்

மசினகுடியின் காட்டோரங்களில் உண்ணிச்செடி மண்டிக் கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். கால்நடைகள் தீண்டாத அக்களையின் தண்டுகளைக் கொண்டு நீலகிரிப் பழங்குடியினர் செய்த யானை உருவங்கள் 2021இல் இலண்டன் பூங்காக்களை அலங்கரித்தன.

இத்தகைய கைத்தொழிலைப் பள்ளியில் பயிற்றி, பிள்ளைகள் செய்தவற்றை விற்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இது பழைய கேள்விதான். மாணவர் உழைப்பின் வருவாயிலிருந்தே ஆசிரியர் ஊதியம் கிடைக்கவேண்டும் என்ற கருத்தைக் காந்தியடிகள் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் முன்வைத்தார். ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர், 1967இல் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன். பிள்ளைகளிடம் வேலை வாங்குவதிலேயே ஆசிரியர் முனைந்தால் கல்வியின் நோக்கம் கெடும் என்று அக்குழுவின் அறிக்கையே எச்சரித்தது.

அவ்வெச்சரிக்கை இன்றும் நமக்குப் பொருந்தும். உங்கள் மகளோ மகனோ முடைந்த கூடையை விற்குமுன், மூலப்பொருளின் விலையையும் உழைத்த நேரத்தையும் அவர்களே கணக்கிடட்டும். குறையிருந்தால் மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள். பிள்ளை செய்தது என்ற இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறைதான் வாங்குவார். பொருளின் உறுதியைக் கண்டவர் மீண்டும் வருவார். ஆனால், விற்பனைக்காகப் பாடம் தடைபடுமாயின் அன்றே நிறுத்திவிடுங்கள். ஹலாலான சம்பாத்தியத்தின் முதற்பாடம் அவர்களுக்குக் கிடைத்தாலே போதுமானது.