சுடப் பழகுமுன் சுடாமலிருக்கப் பழகு!

சென்னை மெரினா கடற்கரையில் இந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மணலில் ஒரு பலகை நிற்கும். அதில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலூன்கள் வரிசையாக இருக்கும். எதிரே ஒரு துப்பாக்கி. காசு கொடுத்தால் கடைக்காரர் குண்டு போட்டுக் கையில் தருவார். "டப்" என்று ஒரு பலூன் உடைந்துவிட்டால் போதும், சுட்டவர் முகத்தில் பெருமை தாங்காது!

ஊர்த் திருவிழாக்களிலும் இதே கடை உண்டு. நம்மில் பலர் தொட்ட முதல் துப்பாக்கி இதுதான். கடைசித் துப்பாக்கியும் இதுதான்!

ஆனால் இப்போது சில வீடுகளில் ஒரு புதுப் பேச்சு கேட்கிறது.

"அப்பா, நானும் துப்பாக்கி சுடக் கத்துக்கிறேன்ப்பா" என்கிறாள் மகள். அப்பா திகைக்கிறார். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது.

மகள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் மனு பாக்கர் என்ற 22 வயதுப் பெண் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இரண்டு நாள் கழித்து, சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் வாங்கினார். அதற்கு முன்பே, 2008ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் தனி வீரராக இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. 2012ல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் பிறந்தது நம் சென்னையில்!

இவர்களுக்கு இந்தப் பதக்கங்களை வாங்கித் தந்தது வெடிமருந்துத் துப்பாக்கி அல்ல. காற்றுத் துப்பாக்கி! மகளுக்கு ஏற்ற முதல் துப்பாக்கியும் அதுதான்.

காற்று எப்படிச் சுடும்?

வெடிமருந்துத் துப்பாக்கியில் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து குண்டைத் தள்ளுகிறது. காற்றுத் துப்பாக்கியில் அந்த வேலையை அழுத்தப்பட்ட காற்று செய்கிறது.

இதில் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது. ஒன்று, சுருள்வில் வகை. குழாயை மடக்கி இழுத்தால் உள்ளே வில் சுருங்கி நிற்கும். விசையை அழுத்தினால் வில் விடுபட்டுக் காற்றைத் தள்ளும். பலூன் கடையில் பார்ப்பது இந்த வகை. விலை குறைவு. ஆனால் சுடும்போது கையில் உதறும்.

மற்றொன்று, சிலிண்டர் வகை. காற்றை முன்னதாகவே ஒரு சிலிண்டரில் நிரப்பி வைத்திருப்பார்கள். உதறல் இல்லை என்றே சொல்லலாம். பந்தயக்காரர்கள் வைத்திருப்பது இது. வெளிநாட்டில் செய்த நல்ல பந்தயத் துப்பாக்கி லட்சக்கணக்கில் விலையாகும்.

குண்டு ஈயத்தால் ஆனது. குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். நடுவில் இடுப்பு சிறுத்து, பார்ப்பதற்குக் குட்டி உடுக்கை போலவே இருக்கும். எடை ஏறக்குறைய அரை கிராம்.

"இவ்வளவு சிறியதா? அப்படியானால் ஆபத்தில்லையே!" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். உயிரே போனதும் உண்டு. காற்றுத் துப்பாக்கி பொம்மை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1878ல் வெள்ளையர் ஒரு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அதை நீக்கி, 1959ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் நடப்பில் இருப்பது அந்தச் சட்டம்தான். இடையிடையே திருத்தங்கள் செய்திருக்கிறார்கள்.

வெடிமருந்துத் துப்பாக்கி எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும். வெளி மாவட்டங்களில் கலெக்டரிடமும், சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும் மனுச் செய்யவேண்டும். பொதுவாக 21 வயது நிறைந்திருக்கவேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளும் பயிற்சியும் பெற்றிருக்கவேண்டும். 2019ல் செய்த திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

கல்யாணத்திலும் ஊர்வலத்திலும் சந்தோஷத்துக்காக வானத்தை நோக்கிச் சுடுகிறார்களே, அதற்கும் அந்தத் திருத்தம் முடிவு கட்டியது. மற்றவர் உயிருக்கு ஆபத்து நேரும்படி அப்படிச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆகவேண்டும்!

காற்றுத் துப்பாக்கிக்கு மட்டும் சலுகை உண்டு. குழாயின் அளவு 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை. இந்த இரண்டில் ஒன்று மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். வாங்குமுன் பில்லிலும் பெட்டியிலும் இந்த அளவுகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் தோப்பில் கொக்கையும் நாரையையும் சுடலாம் என்று அர்த்தமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

சட்டை போலத்தான் துப்பாக்கியும்!

தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிறார் அல்லவா? துப்பாக்கியும் உடம்புக்குப் பொருந்தவேண்டும். அண்ணனுக்குப் பொருந்துவது தம்பிக்குப் பொருந்தாது.

ரைபிளின் மரக்கட்டையைத் தோளில் வைத்தால், கழுத்தை வளைக்காமல் கன்னம் அதில் இயல்பாகப் படியவேண்டும். விரல் எட்டி எட்டி விசையைத் தேடக்கூடாது. பந்தய ரைபிள் ஐந்தரை கிலோ வரை எடை இருக்கலாம். பிஸ்டல் ஒன்றரை கிலோ வரை இருக்கலாம். அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துச் சுடவேண்டும். பிள்ளையின் கைக்குத் தாங்குமா என்று பார்க்காமல் வாங்கினால், பணமும் வீண், பயிற்சியும் வீண்.

இன்னொரு விஷயம். எந்தக் கண்ணால் குறி பார்ப்பது? வலக்கைக்காரருக்கு எப்போதும் வலக் கண்தான் என்று நினைக்காதீர்கள். இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம்.

இரண்டு கைகளையும் முன்னே நீட்டுங்கள். விரல்களைச் சேர்த்து நடுவில் சிறு ஓட்டை விடுங்கள். அந்த ஓட்டை வழியாக, இரண்டு கண்ணையும் திறந்தபடி, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். கடிகாரம் மறையாமல் தெரிந்தால், திறந்திருக்கும் அந்தக் கண்தான் உங்கள் தலைமைக் கண். மறைந்துவிட்டால், மூடிய கண்தான் தலைமைக் கண்!

இதையெல்லாம் கடையில் நின்று முடிவு செய்ய முடியாது. ஆகவே முதல் துப்பாக்கியை வாங்காதீர்கள், இரவல் வாங்குங்கள்! துப்பாக்கி சுடும் பயிற்சிக் கழகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அங்கே துப்பாக்கி கொடுத்துப் பழக்குகிறார்கள். சில மாதம் பழகியபின், பயிற்சியாளர் சொல்லும் துப்பாக்கியை வாங்கலாம்.

முதல் நாள் குண்டே கிடையாது!

நல்ல பயிற்சியாளர் முதல் நாள் குண்டு கொடுக்கமாட்டார். நான்கு விதிகளைக் கொடுப்பார். வெடிமருந்தோ காற்றோ, எந்தத் துப்பாக்கிக்கும் இந்த நான்கும் பொது.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினைக்கவேண்டும். "காலியாகத்தான் இருக்கிறது" என்று எவர் சொன்னாலும் நம்பக்கூடாது. கையில் வாங்கியதும் நாமே திறந்து பார்க்கவேண்டும்.

இரண்டாவது: சுட விரும்பாத எதன் பக்கமும் குழாயின் வாயைத் திருப்பக்கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது!

மூன்றாவது: குறி பார்த்து முடியும்வரை விசைமீது விரல் போகக்கூடாது.

நான்காவது: குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். குறி தப்பிய குண்டு எங்கேயாவது போய்த்தானே நிற்கும்?

பயிற்சிக் கூடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. சுடாத நேரத்தில் துப்பாக்கியின் குழாய்க்குள் பளிச்சென்ற நிறமுள்ள ஒரு கயிற்றை விட்டு வைப்பார்கள். கயிறு வெளியே தெரிந்தால், உள்ளே குண்டு இல்லை என்று எட்ட நிற்பவருக்கும் தெரியும். "நிறுத்து" என்ற உத்தரவு வந்தால், பாதிக் குறியில் இருந்தாலும் நிறுத்தவேண்டும். ஒலிம்பிக் வீரரானாலும் இதே சட்டம்தான்.

பத்து மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி

இனிச் சுடலாம். குறிப் பலகை 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ரைபிள் போட்டியில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் அளவு என்ன தெரியுமா? அரை மில்லிமீட்டர்! பேனா முனையால் தொட்டுவைத்த அளவு. 60 குண்டுகளை 75 நிமிடத்துக்குள் சுடவேண்டும்.

ரைபிளின் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும். 10 மீட்டர் போவதற்குள் குண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். பத்து வாங்கவேண்டியவர் ஐந்து, ஆறு என்று வாங்குவார்.

கை ஆடாமல் இருக்குமா? இருக்காது! மூச்சு விட்டால் ஆடும். இதயம் துடித்தால் ஆடும். புதிதாகச் சுடுகிறவர் ஆட்டம் நிற்கும் அந்த நொடிக்காகக் காத்திருந்து, வெடுக்கென்று விசையை இழுக்கிறார். இழுத்த வேகத்தில் குறி தப்புகிறது.

பழகியவர் அப்படிச் செய்வதில்லை. மூச்சைப் பாதி விட்டு, ஒரு கணம் நிறுத்துகிறார். விசையை மெல்ல மெல்ல அழுத்துகிறார். குண்டு போனபிறகும் அசையாமல் குறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூச்சு முட்டினாலோ கை களைத்தாலோ, சுடாமலே துப்பாக்கியைக் கீழே இறக்கிவிடுகிறார்! மறுபடி மூச்சு வாங்கி, மறுபடி தொடங்குகிறார்.

புதியவருக்கு மிகக் கடினமான பாடம் இதுதான். இவ்வளவு நேரம் குறி பார்த்துவிட்டுச் சுடாமல் விடுவதா என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த மனத்தை அடக்குவதற்குத்தான் இத்தனை மாதப் பயிற்சி.

2021ல் டோக்கியோ பந்தயத்தில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் பழுதாகிவிட்டது. நேரம் போயிற்று, இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. மூன்று ஆண்டு பொறுத்து, பாரிஸில் சாதித்தார்.

குடகு நாட்டுத் துப்பாக்கி

நம் பக்கத்திலேயே துப்பாக்கியோடு பிறந்து வளர்ந்த மக்கள் இருக்கிறார்கள். காவேரி பிறக்கும் குடகு நாட்டுக் கொடவ மக்கள்தான் அவர்கள். வெள்ளையர் காலத்திலிருந்தே அவர்களுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019ல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது.

அங்கே செப்டம்பர் மாதத்தில் கயில்போள்து என்ற பண்டிகை வருகிறது. நம் ஆயுத பூஜை மாதிரி. நாற்று நடும் காலத்தில் ஆயுதங்களைப் பூஜை அறையில் வைத்துவிடுவது வழக்கம். வயல் வேலை முடிந்தபின், பண்டிகையன்று அவற்றை வெளியே எடுத்துத் துடைத்துப் பூஜை செய்கிறார்கள். குழாய் முனையில் ஒரு பூவைச் செருகுகிறார்கள். அது எந்தப் பூ? நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள்! பூஜை முடிந்ததும் மரத்தின் உச்சியில் தேங்காயைக் குறியாக வைத்துச் சுடும் போட்டி நடக்கும்.

வீட்டுக்கு வீடு துப்பாக்கி உள்ள நாட்டிலேயே, அதை எடுப்பதற்கு ஒரு காலம், வைப்பதற்கு ஒரு இடம் என்று முறை வைத்திருக்கிறார்கள்.

வாங்குமுன் மூன்று கேள்வி

"திருடன் வந்தால் சுட ஒரு துப்பாக்கி இருக்கட்டும்" என்று சிலர் லைசென்ஸ் வாங்கி, பீரோவில் சேலைக்கடியில் வைத்துவிடுகிறார்கள். பயிற்சியும் இல்லை, பூட்டும் இல்லை. திருடன் வருவதற்கு முன் அந்தப் பீரோவைத் திறப்பது யார்? நம் வீட்டுக் குழந்தைதான்!

ஆகவே, எந்தத் துப்பாக்கி வாங்குவதானாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் பழகிக்கொடுக்க ஆள் இருக்கிறாரா? துப்பாக்கியை ஒரு பூட்டிலும், குண்டை வேறொரு பூட்டிலும் வைக்க வீட்டில் இடம் இருக்கிறதா? சாவி யாரிடம் இருக்கும்?

மூன்றுக்கும் பதில் இருந்தால், மகளைப் பயிற்சிக் கழகத்துக்கு அழைத்துப் போங்கள். அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் கூடவே உட்கார்ந்து பாருங்கள். குறி பார்த்த மகள், மனம் சரியில்லை என்று கண்டு, சுடாமல் துப்பாக்கியை இறக்கி வைப்பாள். அன்று உங்கள் பயம் பாதி போய்விடும்.