‘தடுப்பூசி இருக்கிறதா?’

2021 ஜனவரி நடுவில் கலிஃபோர்னியாவில் எழுபது வயதுக்காரர் ஒருவர் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ள நினைத்தால், எங்கே போவது என்று சொல்ல ஆளில்லை. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று ஜனவரி 13 அன்று மாநில அரசு அறிவித்துவிட்டது. ஆனால் அந்த மாநிலத்தில் மாவட்டம் போன்ற 58 கவுன்டிகள். கையிருப்பு போதாமல் சில கவுன்டிகள் 75 வயதிலேயே நின்றுகொண்டன. பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக ஒவ்வொரு மருந்துக்கடைக்கும் போன் போட்டார்கள். ஒரு வீட்டுக்குக் கிடைத்த பதில் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. அவர்களும் அதே கடைக்குப் போன் போட வேண்டியதுதான்.

டோக்கியோவில் வசித்துவந்த பாட்ரிக் மெக்கென்ஸி என்ற மென்பொருள்காரர் இதைக் கேள்விப்பட்டு ட்விட்டரில் எழுதினார். யாராவது எல்லா இடங்களுக்கும் போன் செய்து, பதிலைப் பொதுப் பட்டியலில் போடக் கூடாதா? சர்வர் செலவைத் தானே ஏற்பதாகவும் சொன்னார். கார்ல் யாங் என்பவர் டிஸ்கார்டில் ஓர் அரட்டை அறையைத் திறந்தார். சேர்ந்தவர்கள் அன்றிரவே வேலையில் இறங்கினார்கள். மறுநாளே ‘வாக்சினேட் சிஏ’ என்ற தளம் வந்துவிட்டது. அலுவலகம் கிடையாது; லாப நோக்கமற்ற நிறுவனமாகப் பதிவானதெல்லாம் பிறகுதான்.

மென்பொருள்காரர்கள் செய்த வேலை என்றதும் நமக்கெல்லாம் தானாக இயங்கும் ஏதோ ஒன்றுதான் நினைவுக்கு வரும். இங்கே நடந்தது கைவேலை. எத்தனை பெட்டி அனுப்பினோம் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். இன்று மதியம் குளிர்பெட்டியில் எத்தனை மிச்சம், வரிசையில் வந்து நிற்பவருக்குப் போடுவார்களா, முன்பதிவு வேண்டுமா என்பதெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் மருந்தாளுநருக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்பதற்குப் போன்தான் வழி.

அந்த அழைப்பைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். தன்னார்வலரின் திரையில் ஒரு கடையின் பெயரும் எண்ணும் வந்து நிற்கும். எடுத்தவரிடம் மூன்றே விஷயங்கள்: இருக்கிறதா, யாருக்கு, எப்படிப் பதிவு செய்வது. பதிலுக்கேற்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். மக்கள் படிப்பதற்கு ஒரு குறிப்பு, குழுவுக்குள் மட்டும் இருக்க இன்னொன்று. கடைக்காரர் மும்முரமாக இருந்தால் ‘பிறகு கூப்பிடவும்’ என்று போட்டுவிட்டு அடுத்த எண். எந்தக் கடையை முதலில் கூப்பிடுவது என்பதை வரிசைப்படுத்தித் தருவதுதான் நிரலின் வேலை. பதில் எப்போது கிடைத்தது என்ற நேரமும் கூடவே பதிவாகும். தடுப்பூசி விஷயத்தில் நேற்றைய ‘இருக்கிறது’ இன்று வெறும் வதந்தி.

‘இல்லை’ என்ற பதிலையும் அக்கறையாக எழுதி வைத்தார்கள் என்பது என்னை மிகவும் தொட்டது. ஒரு ‘இல்லை’ திரையில் ஏறினால், அதே கடைக்குப் போட இருந்த எத்தனையோ போன்கள் மிச்சம். கடைக்காரருக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஊசி போடுவதும் அவர்தானே! அந்த நாட்களில் ஃபைசர் மருந்தைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மாடர்னா குப்பியில் முதல் ஊசி இறங்கியதிலிருந்தும் அதே கெடு. சாயங்காலம் குப்பியில் இரண்டு டோஸ் மிஞ்சி, வாங்கிக்கொள்ள ஆள் வராவிட்டால் அது குப்பைக்குத்தான்.

தொடக்கத்தில் எல்லாப் பதிவுகளும் ஏர்டேபிளில் இருந்தன. விரிதாளும் தரவுத்தளமும் கலந்த ஆயத்தக் கருவி அது. ஒரே இரவில் வேலையைத் தொடங்க அதைவிட நல்ல தேர்வு இல்லை. ஆனால் அழைப்புகள் பெருகப் பெருக அதன் கொள்ளளவு இடித்தது. பிப்ரவரியில், இணையதளங்களைக் கட்ட உதவும் ஜாங்கோ கட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன் வந்து சேர்ந்தார். ஜாங்கோவிலும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலும் புதிய அமைப்பு எழுந்தது. மருந்துக் குப்பியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘வையல்’ என்பதே அதற்கும் பெயர். பழையதை ஒரு நாள் மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. போன்கள் ஓயாது, ஓடும் வண்டியிலேயே சக்கரம் மாற்ற வேண்டும்.

அவசர காலத்தில் வேகம்தான் முக்கியம் என்று மென்பொருள் தொழிலில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குழுவும் வேகமாகத்தான் செய்தது. ஆனால் பட்டியலில் ஒரு வரி தப்பாகப் போனால், எண்பது வயதுப் பாட்டி ஒருவர் ஒரு மணி நேரம் காரில் வந்து வெறுங்கையோடு திரும்புவார். அந்தப் பாட்டியை மறக்காமல் எழுதிய நிரல் இது என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் மனிதர்களைக் கேட்டு மனிதர்களே பதியும் முறையை அவர்கள் அத்தனை நாள் விடாமல் வைத்திருந்திருக்க மாட்டார்கள். அவர்கள் திரட்டிய தகவல் கூகுளிலும் தெரிந்தது. பிறகு ‘வாக்சினேட் தி ஸ்டேட்ஸ்’ என்ற பெயரில் வேலை நாடு முழுவதற்கும் விரிந்தது.

கோடை வந்தபோது நிலைமை தலைகீழ். மருந்துக்கடைக்குள் நடந்து போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டால் போதும். 2021 ஆகஸ்டில் வாக்சினேட் சிஏ தன் வேலையை நிறுத்திக்கொண்டது. ‘தடுப்பூசி இருக்கிறதா?’ என்று இனி எந்தக் கடைக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை.