கழுத்தில் நெறி கட்டினால் டி.பி.தானா?

தர்மபுரி பக்கம் ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலேஜ் படிக்கும் மகள் தலை பின்னும்போது, "அம்மா, இங்க தொட்டுப் பாரேன்... உருண்டையா ஏதோ இருக்கு" என்கிறாள். கழுத்தின் பின்பக்கமாக நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அழுத்தினால் லேசாக வலி. சாயந்திரமானால் காய்ச்சல். "தலையில பொடுகு இருந்தா நெறி கட்டும் கண்ணு" என்று பாட்டி பத்துப் போடுகிறாள். மூன்று வாரம் போகிறது. பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டிகள்!

பாட்டி சொன்னதிலும் நியாயம் உண்டு. தலையில் புண், சொத்தைப் பல், தொண்டை வலி எது வந்தாலும் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகள் வீங்கும், பிறகு வடிந்துவிடும். இரண்டு மூன்று வாரமாகியும் வடியாவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். அங்கே முதல் சந்தேகம் டி.பி. அந்தக் காலத்தில் கண்டமாலை என்றார்களே, அது பெரும்பாலும் இதுதான். அடுத்த சந்தேகம், வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அபூர்வமான கிகுச்சி நோய்! 1972-ல் ஜப்பானில் டாக்டர் கிகுச்சியும், தனியாக ஃபுஜிமோட்டோ குழுவினரும் இதை விவரித்தார்கள். நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு, அதிலும் பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. ஒட்டிக்கொள்ளும் வியாதி அல்ல. பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்தால் போதும்.

சிக்கலே இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பதில் கொஞ்சம் செல்கள்தான் கிடைக்கும். பல நேரம் அது குழப்பத்தில் விட்டுவிடும். ஒரு முடிச்சை முழுசாக எடுத்து பயாப்சி பார்த்தால்தான் தெளிவு. கிகுச்சியில் திசு செத்து, செல்களின் உட்கரு பொடிப்பொடியாகக் கிடக்கும். ஆனால் சீழில் இருக்கும் வெள்ளணுக்களைக் காணமுடியாது. நோயைக் காட்டிக்கொடுப்பது இதுதான்.

"பொம்பளைப் பிள்ளை கழுத்துல கத்தி வைக்கறதா? டி.பி. மாத்திரையே கொடுத்துப் பாருங்களேன்" என்பார்கள். பெற்ற மனசு! ஆனால் அந்த மாத்திரைகளைக் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். கிகுச்சி தானாக வடிந்தால்கூட 'மாத்திரை கேட்டுச்சு' என்று ஏமாந்துபோவோம். பயாப்சிக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுப்பது இன்னும் மோசம். லிம்ஃபோமாவாக இருந்தால் கட்டி சுருங்கி, நோய் கண்ணாமூச்சி ஆடும். தழும்பைப் பற்றிக் கவலையா? கழுத்து மடிப்பை ஒட்டிக் கீறித் தையல் போட்டால் அவ்வளவாகத் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன் ஒரு கேள்வி கேட்டுவையுங்கள்: "டி.பி. டெஸ்ட்டுக்கும் ஒரு துண்டு அனுப்பறீங்களா, டாக்டர்?" முடிச்சு முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டு சலைனில் போக வேண்டும். டி.பி. என்று உறுதியானால் தயங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். தர்மபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம், பெங்களூர் என்று அலைவதற்கு முன் அங்கே காட்டலாம்.

கிகுச்சிதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டதா? நிம்மதி! ஆனாலும் சிலருக்குத் திரும்ப வரலாம். இன்னும் சிலருக்குப் பின்னால் லூப்பஸ் என்ற நோய் எட்டிப் பார்க்கும். அதனால் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, சில வருடங்கள் அவ்வப்போது டாக்டரைப் பாருங்கள். மூட்டு வலியோ, வெயில் பட்டதும் முகத்தில் சிவப்புத் தடிப்போ வந்தால், பழைய பயாப்சி ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.