வாஸ்வான்: ஓர் இரவுக்குள் ஒரு விருந்து
காஷ்மீரில் கல்யாணக் காலம் கோடைதான். ஆனால் அந்த விருந்துக்கு வெயிலும் பகை, ஐஸ் பெட்டியும் பகை

ஸ்ரீநகரின் தால் ஏரியில் கோடை வந்துவிட்டால் மாப்பிள்ளை ஊர்வலமே தண்ணீரில்தான். அலங்கரித்த ஷிகாராப் படகுகளில் உறவினர் கூட்டம் வந்து இறங்குகிறது. ஏரிக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு விறகும் செப்புப் பாத்திரங்களும் ஆடுகளும்கூடப் படகேறித்தான் போக வேண்டும்.

விருந்தினர் பார்ப்பது ஷாமியானாவின் முன்பக்கத்தை. கல்யாணத்தின் மானம் காப்பாற்றப்படுவதோ பின்பக்கத்தில். அங்கே தரையில் நீளமாக அடுப்பு மூட்டி, முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள் 'வாஸா' எனப்படும் சமையற்காரர்கள். தலைமைச் சமையற்காரர் 'வஸ்தா வாஸா'. தைமூர் காலத்தில் சமர்கண்டிலிருந்து வந்த சமையற்காரர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பழைய நகரில் இவர்கள் பெயரிலேயே வாஸாபோரா என்றொரு பேட்டை உண்டு.

முழு வாஸ்வானில் 36 வகைகள் என்பது மரபுக் கணக்கு. பெரும்பாலானவை ஆட்டிறைச்சி. இதில் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் இரண்டு உருண்டைகள்: சிவந்த குழம்பில் மிதக்கும் ரிஸ்தா, தயிர்க் குழம்பில் வேகும் குஷ்தாபா. அறுத்த ஆட்டின் சூடு ஆறுவதற்குள் இறைச்சியைக் கொழுப்போடு சேர்த்து, கல்லின் மேல் வைத்து மரச்சுத்தியால் பஞ்சு போலாகும் வரை அடிக்க வேண்டும். குளிர்ந்த இறைச்சியில் அந்தப் பிசுபிசுப்பு வராது, உருண்டை சொரசொரப்பாகிவிடும். எனவே, முன்கூட்டியே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழியே இதில் கிடையாது. ஆடு, அடுப்பு, ஆள் எல்லாம் ஒரே இரவுக்குள் ஒன்றுசேர வேண்டும்.

இதற்கு நடுவில் வெயில். 2025 ஜூலை 5 அன்று ஸ்ரீநகரில் 37.4 டிகிரி பதிவாயிற்று. எழுபது ஆண்டுகளில் காணாத வெப்பம். ஊர்வலம் தாமதமானால் விருந்தினர் காத்திருப்பார்கள். தயிர்க் குழம்பு காத்திருக்காது.

பரிமாறுவதிலும் கணக்கு உண்டு. 'திராமி' என்ற பெரிய செப்புத் தட்டைச் சுற்றி நால்வர். சோற்றுக் குவியலின் மேல் சீக் கபாபும் பொரித்த விலா எலும்புத் துண்டான தபக் மாஸும் வந்துவிடும். மற்றவற்றை வாஸாவே ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைப்பார். எனவே 400 பேர் என்றால் நூறு திராமி. ஒரு திராமியில் ஓர் உருண்டை குறைந்தாலும் பேச்சு பெண் வீட்டார் மேல்தான்.

இந்தப் பயம்தான் செலவை ஏற்றுகிறது. 2017இல் மாநில அரசு ஓர் ஆணை போட்டது: மகள் கல்யாணத்துக்கு 500 பேர், மகன் கல்யாணத்துக்கு 400 பேர், அசைவம் ஏழு வகைக்கு மேல் கூடாது. கடன் வாங்கி விருந்து வைக்கும் அப்பாக்களுக்கு ஆணை ஒரு சாக்காக உதவியிருக்கலாம். ஆனால் அக்கம்பக்கத்தார் வாய்க்கு அரசு ஆணை போட முடியுமா?

வாஸாக்களின் கவலை வேறு. அவர்கள் வருமானம் சில மாதங்களில் அடங்கியது. ரமலானில் கல்யாணம் இல்லை. மொஹரத்தில் ஷியாக்கள் வைப்பதில்லை. ஏரிவாசிகளில் ஷியாக்கள் கணிசம். பிறைக் கணக்கில் இம்மாதங்கள் நகர்ந்து வந்து கோடையில் விழுந்தால், அந்த அளவுக்குப் பிழைப்பு சுருங்கும். 2019 ஆகஸ்டில் ஊரடங்கு வந்தபோது, அழைப்பை ரத்து செய்யும் விளம்பரங்கள் பத்திரிகைகளில் வரிசையாக வந்தன. மறு ஆண்டு கொரோனா. இரண்டு கோடைகள் அடுப்பு சரியாக எரியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, கடைசியாக வருவது குஷ்தாபா. அது வந்தால் இனி எதுவும் வராது என்று பொருள். விருந்தினர் கை கழுவிப் படகேறும்போது, வாஸாவின் ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய செப்புப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருப்பார்கள்.