மூன்றில் பாடிய பிள்ளை... ஐந்தில் பேசிய பிள்ளை!

மாலை தீபாராதனை முடிந்து, பிரசாதம் பெற்றுக்கொண்டு பிரகாரத்தில் சற்று அமரும் வேளையில், பெரியவர்களின் பேச்சு பெரும்பாலும் பேரக் குழந்தைகளைச் சுற்றியே அமையும். ‘உங்கள் பேரனுக்கு எத்தனை மாதம் ஆகிறது? நடக்கிறானா?’ என்று ஒருவர் கேட்பார். ‘என் பேத்தி பத்தாம் மாதத்திலேயே அடியெடுத்து வைத்துவிட்டாள்’ என்று மற்றொருவர் மகிழ்ந்து கூறுவார். கேட்டவர் மனத்தில் தீங்கு ஏதுமில்லை. சொன்னவர் மனத்திலும் இல்லை. எனினும் அந்தச் சொல் வீடு வரை உடன் வந்துவிடுகிறது. பதினான்கு மாதமாகியும் நடக்காத குழந்தையை இடுப்பில் சுமந்து நிற்கும் மருமகளின் செவியில் அது விழும்போது, ‘என் வளர்ப்பில் ஏதோ குறையோ’ என்னும் துயரமாக மாறிவிடுகிறது.

ஒரே வயதுடைய குழந்தைகளை ஒப்பிடுவது தவறா? அல்லது அவசியமா? பக்தி உலகம் போற்றும் மூன்று பிள்ளைகளின் வரலாறு இவ்வினாவிற்கு ஒளி தருகிறது.

மூன்று பிள்ளைகள், மூன்று காலங்கள்

சீர்காழித் திருக்கோயிலின் தீர்த்தக் கரையில், நீராடச் சென்ற தந்தையைக் காணாது அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு உமையம்மை ஞானப்பால் ஊட்டினாள். அக்கணமே அப்பிள்ளை பதிகம் பாடத் தொடங்கியது. தந்தையார் சிவபாத இருதயர் வியந்து நின்றார். அவரே திருஞானசம்பந்தர்.

தாமிரவருணிக் கரையில் திருக்குருகூரில், காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த குழந்தையோ அழவில்லை, பால் உண்ணவில்லை, கண் திறந்து நோக்கவுமில்லை. பெற்றோர் அக்குழந்தையை ஆதிநாதப் பெருமான் சந்நிதியில் விட்டனர். புளியமரத்தடியில் பதினாறு ஆண்டுகள் மௌனமாக அமர்ந்திருந்த அப்பிள்ளை, மதுரகவியாழ்வார் வந்து வினவியபோதுதான் வாய் திறந்தது. திருவாய்மொழி உள்ளிட்ட நான்கு பிரபந்தங்களை உலகிற்கு அருளிய நம்மாழ்வார் அவர். சம்பந்தப் பெருமான் திருநல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலந்தது பதினாறாம் வயதில் என்பர். ஒருவர் தம் பாடலை நிறைவு செய்த அதே வயதில், மற்றொருவர் முதல் சொல்லையே உரைத்தார்.

அதே தாமிரவருணிக் கரையில், திருக்குருகூருக்குச் சில கல் தொலைவிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில், பதினேழாம் நூற்றாண்டில் சண்முக சிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. தந்தையோ கவிராயர், மகனோ ஊமை. ஊரார் என்னென்ன பேசியிருப்பர் என்பதை எண்ணிப் பார்ப்பது கடினமன்று. பெற்றோர் குழந்தையைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று, ஒரு மண்டலம் விரதமிருந்து முருகப் பெருமானை வழிபட்டனர். செந்திலாண்டவன் அருளால் பேச்சு வந்தது. வந்த பேச்சு ‘கந்தர் கலிவெண்பா’ என்னும் பாமாலையாகவே வந்தது.

மூன்றில் ஒருவர், ஐந்தில் ஒருவர், பதினாறில் ஒருவர். இவர்களில் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. பேச்சு எப்போது வந்தது என்பது அவர்தம் பெருமைக்கு அளவுகோலாக இல்லை.

பிள்ளைத்தமிழ் கண்ட பருவங்கள்

ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரரே பின்னாளில் ‘மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ்’ பாடினார். மதுரையில் அந்நூல் அரங்கேறியபோது அன்னை மீனாட்சியே சிறுமியாக வந்து கேட்டு, வருகைப் பருவத்துப் பாடலில் மகிழ்ந்து முத்துமாலை அணிவித்தாள் என்பது மரபுவழிச் செய்தி. குழந்தையின் ஒவ்வொரு வளர்ச்சியையும் ஒரு திருவிழாவாகக் கொண்டாடும் இலக்கியம் பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்பன ஆண், பெண் இருபாற்கும் பொதுவான ஏழு பருவங்கள்.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால், குழந்தை மருத்துவர் இன்று கேட்கும் கேள்விகள் பல அங்கே இருப்பது புலப்படும். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி அசைவது செங்கீரை. கழுத்து நின்றுவிட்டதா, கைகளில் வலு வந்ததா என்பதே அதன் பொருள். அமர்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. நிலவைச் சுட்டிக்காட்டி விளையாட அழைப்பது அம்புலி. பிறர் காட்டும் பொருளைக் குழந்தை நோக்கி மகிழும் பருவம் அது.

செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று மாதக் கணக்கும் பொதுவாகச் சொல்லப்படும். ஆயினும் சில பருவங்களுக்கு மாதத்தைக் குறிப்பதில் நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு. குழந்தையின் வளர்ச்சியை ஒரே நாளில், ஒரே திதியில் கட்டிவிட இயலாது.

ஒரு நாள் அன்று, ஓர் இடைவெளி

இன்றைய மருத்துவமும் இதையே உறுதி செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 6 நாடுகளில், நன்கு பராமரிக்கப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து, 2006-இல் வளர்ச்சி அளவீடுகளை வெளியிட்டது. இந்தியாவில் அவ்வாய்வு நிகழ்ந்த இடம் தில்லி. அதன்படி, துணையின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதத்திற்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். துணையின்றி நடப்பது 8 மாதத்திலும் தொடங்கலாம். 17 மாதம் கடந்தும் தொடங்கலாம். இரண்டும் இயல்பே. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே நடக்கத் தொடங்கிய குழந்தைகளும் அவ்வாய்வில் உண்டு. ஆகவே, பத்தாம் மாதத்தில் நடந்த பேத்தியும் பதினாறாம் மாதத்தில் நடந்த பேரனும் ஒரே வரம்பிற்குள் வளர்பவர்களே.

எடையும் அவ்வாறே. பிறந்தபோது இருந்த எடை ஏறத்தாழ 5 மாதத்தில் இருமடங்கும், ஓராண்டில் மும்மடங்கும் ஆவது பொதுக் கணக்கு. அங்கன்வாடியிலும் மருத்துவமனையிலும் தரப்படும் அட்டையில் மாதந்தோறும் எடையைக் குறித்தால், புள்ளிகள் இணைந்து ஒரு கோடாகும். பக்கத்து வீட்டுக் குழந்தையை விட மெலிந்திருப்பினும், அக்கோடு சீராக மேலேறுமாயின் அச்சமில்லை. கொழுகொழுவென்று இருந்த குழந்தையின் கோடு மேலேறாமல் நின்றாலோ, கீழிறங்கினாலோ அப்போதே கவனம் வேண்டும். நேற்றைய நிலையோடு இன்றைய நிலையை ஒப்பிடுவதே பயன் தரும் ஒப்பீடு.

குறித்த காலத்திற்கு முன்னரே பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் முதலாண்டு நிறைவில், அதைப் பத்து மாதக் குழந்தையாகவே கருத வேண்டும். இரண்டு வயது வரை மருத்துவர்கள் இவ்வாறே கணக்கிடுவர்.

ஆறுதல் தாமதமாகிவிடலாகாது

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பேச்சு வராத குழந்தையைக் கண்டால், ‘குமரகுருபரரே ஐந்து வயதில்தானே பேசினார், இவனும் பேசுவான்’ என்று ஆறுதல் கூறுவது பல இல்லங்களில் வழக்கம். அன்பினால் பிறக்கும் அச்சொல், சில குழந்தைகளுக்கு மீளாத இழப்பாக முடிந்துவிடுகிறது.

பேச்சு செவியின் வழியே வருவது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மழலை ஒலி எழுப்பும். ஆதலால் குறை வெளியே தெரிவதில்லை. பிறந்த சில நாட்களிலேயே வலியின்றிச் செய்யக்கூடிய செவித்திறன் சோதனை உண்டு. குறை இருப்பின் செவிக் கருவியோ, காக்ளியர் கருவி பொருத்தும் சிகிச்சையோ எவ்வளவு விரைவில் கிட்டுகிறதோ, அவ்வளவு நன்றாகப் பேச்சு மலரும். தமிழகத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கிடைக்கிறது. ஐந்து வயது வரை காத்திருப்பவர்கள், மொழி எளிதில் பதியும் பொன்னான ஆண்டுகளை இழந்துவிடுகின்றனர்.

குமரகுருபரரின் பெற்றோர் ‘தானே சரியாகும்’ என்று வாளாவிருந்ததில்லை. குறையை மறைக்கவுமில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். அவர்கள் வரலாறு கற்பிப்பது நம்பிக்கையோடு கூடிய முயற்சியை.

பெரியோர் மனத்திற்கொள்ள வேண்டிய அடையாளங்கள் சில:

மூன்று மாதம் நிறைந்தும் முகம் பார்த்துச் சிரிக்காமை. ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்காமை. ஆறு மாதத்திலும் ஓசை வந்த பக்கம் திரும்பாமை. ஒன்பது மாதம் கடந்தும் உட்காராமை. ஒன்றரை வயதாகியும் நடக்காமை. அவ்வயதில் பொருளுள்ள ஒரு சொல்லும் சொல்லாமை. இரண்டு வயதிலும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமை. இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். முன்பு பேசிய சொல்லோ, செய்த செயலோ மறைந்துபோனால் எந்த வயதாயினும் காத்திருத்தல் கூடாது. 2013-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் இயங்கும் இடையீட்டுச் சேவை மையங்களில் கட்டணமின்றிப் பரிசோதனையும் பயிற்சியும் பெறலாம்.

பேச்சு வருவதற்காகத் தேனில் வசம்பை இழைத்து நாவில் தடவும் பழக்கமும் சில இல்லங்களில் உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுத்தல் ஆகாது என்பது மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. அரிதாயினும், நரம்புகளைத் தாக்கும் கொடிய நோய்க்கு அது இடமளிக்கலாம்.

தாத்தா பாட்டியின் கடமை

பெரியவர்களால் ஆகும் நன்மை மிகப் பெரிது. கைபேசியைக் கையில் கொடுத்து உணவூட்டுவதை விடுத்து, மடியில் அமர்த்திக் கதை சொல்வதும், ‘சாய்ந்தாடம்மா’ ஆட்டுவதும், நிலவைக் காட்டிச் சோறூட்டுவதும் குழந்தையின் மொழிக்கும் அறிவுக்கும் உரமாகும். கோயிலுக்கு அழைத்துச் சென்று மணியோசையைக் கேட்கச் செய்வதும், யானையைக் காட்டி ‘இது என்ன?’ என்று வினவி விடைக்காகப் பொறுத்திருப்பதும் அத்தகையனவே. குழந்தை ஓசைக்குத் திரும்புகிறதா, சுட்டியதை நோக்குகிறதா என்பதை முதலில் உணரக்கூடியவர்களும் நாள் முழுதும் உடனிருக்கும் தாத்தா பாட்டியரே.

ஐயம் எழுந்தால் மருமகளைக் குறை கூறாமல், ‘வா அம்மா, ஒருமுறை மருத்துவரிடம் காட்டி வருவோம், நானும் உடன் வருகிறேன்’ என்று சொல்வதே பெரியோர்க்கு அழகு. வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. புள்ளிருக்குவேளூரில் எழுந்தருளியிருக்கும் இறைவனின் திருநாமமே வைத்தியநாதன். அத்தலத்து முருகன் மீதும் குமரகுருபரர் ‘முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ்’ பாடியுள்ளார்.

ஒரே கொடியில் எல்லா அரும்புகளும் ஒரே பொழுதில் மலர்வதில்லை. காலையில் மலர்ந்ததும் மாலையில் மலர்ந்ததும் ஒரே மாலையில் தொடுக்கப்பட்டு ஆண்டவன் திருமார்பை அடைகின்றன. வாடும் அரும்பைக் கண்டால் மட்டும் உடனே நீர் வார்த்தல் வேண்டும்.