டீச்சர், இது வ.உ.சி. காசா?

தூத்துக்குடியில் ஒரு தொடக்கப் பள்ளி, நாலாம் வகுப்பு. கரும்பலகையில் ஒரு செப்புக் காசின் படத்தைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். நடுவில் கொட்டை எழுத்தில் ஆங்கில ‘வி’. அதன் ஒரு கையில் ‘ஓ’ கோத்திருந்தது, மறு கையில் ‘சி’. அடியில் 1746 என்று வருடம். டீச்சர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “என்ன தெரியுது?” என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார்.

“டீச்சர், இது வ.உ.சி. காசு. அதான் போட்டிருக்குல்லா!” என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பு மொத்தமும் ஆமோதித்தது. துறைமுகத்தில் அந்த மூன்றெழுத்து, கல்லூரியில் அந்த மூன்றெழுத்து, மார்க்கெட்டில் அந்த மூன்றெழுத்து. காசிலும் இருந்தால் என்ன?

ஒரு பெண் மட்டும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். “அவரு பொறந்தது 1872 டீச்சர். காசு அதுக்கு முன்னாலயே வந்துட்டு.” எத்தனை வருடம் முன்னால் என்று கழித்துப் பார்த்தார்கள். 126. அதற்கப்புறம்தான் டீச்சர் வாயைத் திறந்தார். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து இந்த ஊரைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அவர்கள் மொழியில் முதலெழுத்துகள் அதே மூன்று. கொஞ்ச நேரம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு முதலில் பேசிய பையன் கேட்டான்: “அப்ப ரெண்டு பேருமே கப்பல் கம்பெனியா டீச்சர்?”

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் பதில் அச்சடித்து வைக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மூல ஆவணம் எதற்கு, சுருக்கிச் சொன்னால் போதாதா என்கிறவர்களுக்கு இந்தப் பையனைத்தான் நான் காட்டுவேன்.

தூத்துக்குடியைப் போல இதற்கு வாகான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. இந்தக் கடலைப் பற்றி வந்தவன் போனவனெல்லாம் எழுதி வைத்திருக்கிறான். முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ், கொற்கைப் பக்கம் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கியதாகச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ கணக்கே எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறா தீண்டாமல் மந்திரம் போட்டுக் கடலைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒரு பங்கு. ராத்திரியானால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக முங்கக் கூடாதே! 1880களின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடி முத்துக்குளிப்பைப் பார்த்து எழுதியபோது கணக்கு மாறிவிட்டது. சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு முங்குகிறவர்களுக்கு, மீதி இரண்டு பங்கு சர்க்காருக்கு.

அதே டீச்சர் இதை அஞ்சாம் வகுப்பில் கணக்குப் பாடமாக்கியிருக்கிறார். கடற்கரையில் பொறுக்கிய மட்டி ஓடு அறுபது. போலோவின் நாலு வரியைத் தமிழில் எழுதி ஒரு தாள், தர்ஸ்டன் காலத்துக் கணக்குக்கு இன்னொரு தாள். முதல் தாளைப் படித்து ராஜாவுக்கு ஆறு, மந்திரக்காரருக்கு மூன்று என்று ஒதுக்கினால் மிச்சம் ஐம்பத்தொன்று. இரண்டாம் தாளின்படி முங்குகிறவர்களுக்கு இருபதுதான். “ராசாவே தேவலயே டீச்சர்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். “தாளை இன்னொருக்கப் படிங்க” என்றார் டீச்சர். வியாபாரிகள் முங்குகிறவர்களைக் கூலிக்குப் பிடித்து வருவதாகவும் போலோ எழுதியிருக்கிறார். ஐம்பத்தொன்றும் யார் கைக்குப் போகிறது? முன்னால் சொன்ன தீர்ப்பைப் பிள்ளைகளே திருத்திக்கொண்டார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. இருபதில் ஒன்றுக்கு நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடியில் பெயரே உண்டு: ஒரு மா. பத்தில் ஒன்று இருமா. ராஜாவுக்கு இருமா, கடல்கட்டிக்கு ஒரு மா! வெனிஸ்காரர் எழுதி வைத்த கணக்கு நம் தாத்தாக்கள் பாடிப் பாடி மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது.

வ.உ.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று அடைமொழிகளை ஒப்பிக்காத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. சிறையிலிருந்து வந்த பிறகு 1915–16இல் அவருக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டிய பணம் காந்தி வழியாக வர வேண்டியிருந்தது. அது வரும் வரும் என்று அவர் காத்திருந்த கதை அந்தக் கடிதங்களில் இருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றைத் தேடியெடுத்து எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே தொகை வந்துவிடுகிறது: 347 ரூபாய் 12 அணா. விடியற்காலையில் சந்திக்க காந்தி நேரம் கொடுக்கிறார். டிராம் வண்டி கிளம்புகிற நேரத்தைச் சொல்லி, அவ்வளவு சீக்கிரம் வந்து சேர முடியாதே என்று வ.உ.சி. பதில் எழுதுகிறார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் விட்ட மனுஷர் முதல் டிராமுக்காகக் காத்திருக்கிறார். செக்குப் படத்தைப் பார்த்து வராத கண்ணீர் எனக்கு இந்த இடத்தில் வந்தது. பிள்ளைகளுக்கு அழுகை வர வேண்டும் என்பதில்லை. 12 அணா என்றால் இப்போது எவ்வளவு என்று ஒருவன் கேட்டாலே போதும்.

“இருக்கிற பாடத்தை முடிக்கவே நாள் பத்தலை” என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயம்தான். மாதத்துக்கு ஒரு தாள் என்றால் அவர்களும் முடியாது என்று சொல்லவில்லை.

எனக்குக் கவலை அந்தத் தாளைப் பற்றித்தான்.

டச்சுக்காரர் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே சிவப்புக் கட்டடம். அங்கே இருப்பது பிழைத்துக்கொள்ளும். இந்த ஊரில் இருக்கிற காகிதங்களை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நூறு வயது தாண்டிய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, தலைமையாசிரியரின் நாட்குறிப்பு, கோயில்களின் ஞானஸ்நானப் புத்தகம், தோணி முதலாளி வீட்டுச் சரக்குக் கணக்கு, உப்பளத்துக் கூலி நோட்டு. இந்த ஊர் உப்புக் காற்று இரும்பையே பொரித்துத் தின்னும். காகிதம் எம்மாத்திரம்?

காற்றுக்குத் தப்பினாலும் கரையான், கரையானுக்குத் தப்பினாலும் பழைய பேப்பர் கடை. நான் அஞ்சாவது வரை படித்த பள்ளிக்கூடத்துக்குப் போன வருடம் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். என் அப்பா பெயரும் அந்தச் சேர்க்கைப் பதிவேட்டில் இருந்தது, ஒரு தடவை பார்க்கலாமே என்று ஆசை. அங்கே இருந்தவர் நல்ல மனுஷர். உட்காரச் சொல்லி, டீ வாங்கி வரச் சொல்லி, அப்புறம்தான் சொன்னார்: “பழசெல்லாம் வெள்ளையடிக்கும்போது எடைக்குப் போட்டாச்சே அண்ணாச்சி.” கிலோ என்ன விலைக்குப் போனது என்று நான் கேட்கவில்லை.

போனது என்ன என்று தெரிய, பிழைத்த ஒன்றைப் பார்க்க வேண்டும். வேறொரு பள்ளியில் அப்படி ஒரு பதிவேடு கிடைத்தது. நீள நோட்டு, துணி பைண்டிங், மை பழுப்பேறிவிட்டது. தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் சங்கு குளி, தோணி, மில், உப்பளம் என்று பக்கம் பக்கமாக ஓடுகிறது. பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்று கடைசியில் ஒரு கட்டம். அதில் ‘வேலைக்கு’ என்று வருகிறது. அடுத்த வரியிலும் அதே சொல். மூன்றாம் வரியில் அதைக்கூட எழுதச் சோம்பி இரண்டு கோடு இழுத்துவிட்டிருக்கிறார் எழுதியவர். மேலே உள்ளதே இங்கும் என்று அர்த்தம். அந்த இரண்டு கோட்டைக் காட்டி ஒரு அஞ்சாம் வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசலாம். மில் என்றால் 1908 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்த கோரல் மில் இந்த ஊரில்தான் இருந்தது. சங்கு குளி என்றால் எதிர் வீட்டுத் தாத்தாவிடமே கேட்கலாம். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

அதே பதிவேட்டில் சாதிக் கட்டமும் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பெயரையும் சாதியையும் காகிதத்தால் மறைத்து மற்ற கட்டங்களை மட்டும் நகலெடுத்துத்தான் அங்கே ஒரு ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுபோகிறார். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு துண்டு வெள்ளைத்தாள். இந்தக் கட்டம் இருக்கிறதே என்பதற்காகப் புத்தகத்தையே எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியாது.

காப்பகம், கணினி, நிபுணர் குழு எல்லாம் வருகிறபோது வரட்டும். அதுவரை உங்கள் தெருப் பள்ளியில் மேலாண்மைக் குழுவில் இருந்தாலும் சரி, முன்னாள் மாணவராக இருந்தாலும் சரி, ஏப்ரல் முடிவதற்குள் தலைமையாசிரியரை ஒரு நடை போய்ப் பாருங்கள். அவர் அனுமதியோடு பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நகலைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மே மாதம் வெள்ளையடிக்க ஆள் வந்துவிடும். பீரோவை நகர்த்துவார்கள்.