மேடைக்குப் பின்னால் ஒரு பஸ்ஸர் பஞ்சாயத்து

வினாடி வினா தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். யாரையும் விடாத, மேடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குள் நுழைய எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! நீங்களும் வாருங்கள். பார்த்து, காலடியில் ஒயர். நாற்காலி மேல் காலி டீ கப்புகள். ஃபேன் ஓடவில்லை, எல்லார் சட்டையும் நனைந்திருக்கிறது. மேசையில் ஒரே ஒரு லேப்டாப். ஓர் அணிக்குக் கீபோர்டின் ஸ்பேஸ் பார், எதிரணிக்கு மவுஸின் இடது பட்டன். முதலில் அமுக்கியது யார் என்று சொல்லப் போவது ஒரு குட்டிப் பைத்தான் ஸ்கிரிப்ட்!

எழுதுகிறவர் மூன்றாம் ஆண்டு மாணவி. முதலாண்டுத் தம்பிகள் இருவர் அமுக்கிப் பார்க்கிறார்கள்.

"அக்கா, நான்தான் ஃபர்ஸ்ட்!"

"போடா, என் கிளிக்தான் முதல்ல வந்துச்சு!"

திரையைப் பார்த்தால் ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ் என்று ஒரே அணிவகுப்பு. விரலை எடுக்காமல் வைத்திருந்தால் அழுத்திய செய்தி திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்குமாம். "கையை எடுடா!" என்று அதட்டியபடியே அக்கா இரண்டு வரி சேர்க்கிறார். ஏற்கெனவே அமுங்கியிருக்கும் பொத்தானை, விடும்வரை மறுபடி எண்ணக்கூடாது. மவுஸ் வேறு ரகம். அமுக்கும்போது ஒரு செய்தி, விடும்போது இன்னொன்று. இரண்டாவது இங்கே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த காட்சி. பைன்புட் என்ற பைத்தான் நூலகத்தில் கீபோர்டைக் கவனிக்க ஒரு லிசனர், மவுஸைக் கவனிக்க ஒரு லிசனர். இரண்டும் தனித்தனி த்ரெட்டில் ஓடுகின்றன. தனித்தனியே குறித்து வைத்தால் யார் முந்தியவர் என்று எப்படிச் சொல்வது? அக்கா இரண்டையும் ஒரே க்யூவில் போட வைத்துவிட்டார். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் ரேஷன் கடையில் ஒரே வரிசைதானே! ஒவ்வொன்றிலும் நேர முத்திரையும் உண்டு. அதற்கு அவர் எடுத்தது பைத்தானின் பெர்ஃப் கவுண்டர் என்ற நேர அளவி. கணினியின் கடிகாரத்தை நடுவில் யாராவது திருத்தினாலும் இந்த அளவி பின்னோக்கிப் போகாது.

மறுபடி சோதனை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அமுக்குகிறார்கள். வித்தியாசம் 3 மில்லி விநாடி! மவுஸ்காரத் தம்பி துள்ளிக் குதிக்கிறான். அக்கா தலையாட்டி மறுக்கிறார். சாதாரண யூஎஸ்பி மவுஸ் பலவும் விநாடிக்கு 125 முறைதான் கணினியிடம் பேசும். அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு தடவை. செய்தி வந்து சேர்ந்த வரிசைதான் ஸ்கிரிப்டுக்குத் தெரியும், விரல் பட்ட வரிசை தெரியாது.

"பத்துக்குள்ள வந்தா டை. ரெண்டு பேருக்கும் சான்ஸ்."

அந்த ஒரு வரிக்காகவே அவருக்குக் கைகொடுத்தேன். இத்தனை வேர்வைக்கும் நடுவில் நியாயத்தை விட்டுக்கொடுக்காத பிள்ளைகள்!

உங்கள் ஊர்ப் போட்டிக்கு இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால், சமன் என்று அறிவிக்கவும் அதற்கு ஒரு வழி வையுங்கள். மேக் கணினி என்றால் செட்டிங்ஸில் கீபோர்டைக் கவனிக்கும் அனுமதியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் ஸ்பேஸ் பாரை அமுக்குவது லிசனருக்குக் கேட்காது.